யாரிடம் விடுவது குழந்தையை?



கேளம்பாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம் தாய் ஒருத்திக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. குழந்தைக்குப் பதினொரு மாதம். "காப்பகத்தில் விட்டால் பிள்ளை மந்தமாகிவிடும்னு மாமியார் சொல்றாங்க. வேலையை விட்டுடட்டுமா அக்கா?" என்று கண் கலங்கக் கேட்டாள். உங்களில் பலருக்கும் இதே கவலை இருக்குமே!

அமெரிக்காவில் 1991-ல் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அம்மாவிடமே வளர்ந்த பிள்ளை கெட்டிக்காரன், காப்பகத்துப் பிள்ளை மந்தம் என்று அதில் தெரியவில்லை. பார்த்துக்கொள்பவர் அன்பாகப் பேசி, பதில் சொல்லி வளர்த்த பிள்ளைகள் பேச்சிலும் அறிவிலும் சற்று முந்தியிருந்தார்கள். நெடுநேரம் காப்பகத்தில் இருந்தவர்களிடம் கொஞ்சம் முரண்டு கூடியிருந்ததும் உண்மை. எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது, வீட்டில் பெற்றோர் பழகிய விதம்தான்.

ஆக, குழந்தை எங்கே இருக்கிறது என்பதைவிட, அதனோடு யார் பேசுகிறார்கள் என்பதே பெரிது. "காக்கா எங்கே?" என்று பாட்டி கேட்கிறாள். குழந்தை "கா" என்று கை நீட்டுகிறது. "ஆமாண்டி கண்ணு, கறுப்புக் காக்கா" என்கிறாள். புத்தி வளர்வது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான். டி.வி.க்கும் செல்போனுக்கும் இப்படிப் பதில் சொல்லத் தெரியுமா? இரண்டு வயதுவரை அவை வேண்டவே வேண்டாம்.

காப்பகத்தைச் சேர்க்கும் முன் ஒரு வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தைகள்? ஆயாக்கள் அடிக்கடி மாறுகிறார்களா? அழுகிற பிள்ளையைத் தூக்குகிறாளா? பெயர் சொல்லிப் பேசுகிறாளா, "சும்மா இரு" என்ற அதட்டல் மட்டும்தானா?

50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களில் காப்பக வசதி வேண்டும், தாய் தினம் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் சட்டத்தில் சேர்த்தார்கள். அலுவலகத்தில் கூசாமல் கேளுங்கள்.

இரண்டு வயதானால் அங்கன்வாடியும் உண்டு. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம் அது. "சோறு போடுகிற இடம்தானே" என்று ஒதுக்காதீர்கள். பாட்டும் கதையும் விளையாட்டும் அங்கே உண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் குழந்தையோடு வாய் ஓயாமல் பேசுங்கள். அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்! மாமியாருக்கும் இதைப் படித்துக் காட்டுங்களேன்.