துலக்காதீர், துடையுங்கள்!



குத்துவிளக்கு துலக்குவதில் நம்மவரை விஞ்ச ஆளில்லை. புளியைக் கரைத்துப் பூசித் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால், கருத்துக் கிடந்த பித்தளை பொன்போல் ஒளிரும். புளியிலுள்ள அமிலம் பித்தளையின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. நார் அதைச் சுரண்டி எடுக்கிறது. தலைமுறை தலைமுறையாய் வந்த இந்த அறிவில் குறையேதும் இல்லை. ஆனால் அதே கை, அதே எண்ணத்தோடு மின்கருவிக்குள் நுழையும்போதுதான் கேடு தொடங்குகிறது. ‘பளபளத்தால்தான் சுத்தம்’ என்னும் எண்ணம் விளக்குக்குப் பொருந்தும். மின்கருவிக்குப் பொருந்தாது.

இன்று நம் வீடுகளில் வேலை செய்யாத மின்னியல் கருவிக்கு இரண்டே தீர்ப்புகள்தாம் உள்ளன. ஒன்று, சுரண்டு. மற்றொன்று, வீசு. இவ்விரண்டு கட்சியினரும் ஒருவரையொருவர் ஏளனம் செய்துகொள்கின்றனர். சுரண்டுபவர் தம்மைச் சிக்கனக்காரர் என்கிறார். வீசுபவர் தம்மைக் காலத்தின் அருமை தெரிந்தவர் என்கிறார். என் பார்வையில் இருவரும் ஒரே அறியாமையின் இரு பிள்ளைகள். இருவருக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று உண்டு. அதைக் கற்பிக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம். அங்கேதான் நாம் கைகட்டி நிற்கிறோம்.

தொடுமுனை என்பது யாது?

மின்சுற்று முழுமையாக இருந்தால் மின்குமிழ் எரியும். கம்பி அறுந்தால் எரியாது. தொடக்கப்பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும் சொல்வார். ஆனால், எந்தக் கம்பியும் அறுபடாத சுற்றிலும் மின்னோட்டம் தடைபடலாம் என்பதை அவருக்கு எவரும் சொல்வதில்லை.

மின்கலன் வந்து அமரும் சுருள்வில், கைப்பேசியின் மின்னூட்டத் துளை, தொலைவியக்கிப் பொத்தானின் அடிப்பகுதி, சிம் அட்டையின் பொன்னிறப் பட்டை இவையெல்லாம் மின்சாரம் ஒரு பரப்பிலிருந்து மற்றொரு பரப்புக்குக் கைமாறும் இடங்கள். பழுது பார்ப்பவர் இதனைக் ‘காண்டாக்ட்’ என்பார். நாம் தொடுமுனை என்போம்.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரண்டு உலோகப் பரப்புகள் உண்மையில் முழுவதுமாகத் தொட்டுக்கொள்வதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டும் மேடும் பள்ளமுமாய் இருக்கும். சில மேடுகளின் நுனிகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. மின்சாரம் அவ்வழியேதான் செல்கிறது. அந்நுனிகளின்மேல் ஆக்சைடோ, எண்ணெய்ப் பிசுக்கோ, தூசியோ மெல்லிய படலமாய்ப் படர்ந்தால் மின்தடை ஏறிவிடும். 1.5 வோல்ட்டு மின்கலன்கள் இரண்டு சேர்ந்து தரும் சிறிய மின்னழுத்தம் அத்தடைக்கு முன் தோற்றுவிடும். நாம் உடனே ‘கருவி செத்துப் போயிற்று’ என்கிறோம். அது சாகவில்லை ஐயா! அதன் வாயைப் பொத்தியிருக்கிறது ஓர் அழுக்குப் படலம். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நம் நாட்டில் இது வியப்பான செய்தியும் அன்று.

சுரண்டுவோர் கட்சி

இக்கட்சியின் படைக்கலங்கள் உப்புத்தாள், பேனாக்கத்தி, சவர அலகு, திருப்புளி நுனி. பொன்னிறத் தொடுமுனைகளைக் கண்டால் இவற்றுக்குக் கொண்டாட்டம்.

அங்கே தங்கத்தைப் பூசியது அழகுக்கா? இல்லை. தங்கம் காற்றோடு சேர்ந்து ஆக்சைடு ஆகாது என்பதற்காகத்தான். அந்த முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் கனம்கூட இராது. நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். ஒப்பிட்டுப் பாருங்கள்! உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்தால் தங்கம் போய்விடும். அடியிலுள்ள நிக்கலும் அதற்கும் அடியிலுள்ள செம்பும் வெளிப்படும். அன்றைக்குக் கருவி வேலை செய்யும். செய்தவர் மார்தட்டிக்கொள்வார். பிறகு காற்று பட்டு அந்த இடம் கருக்கும். பழுது திரும்ப வரும். இம்முறை துடைத்தாலும் போகாது. மின்கலன் பெட்டியின் சுருள்வில்லும் இப்படித்தான். மேலிருக்கும் முலாம் போனால் உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கும்.

இதைவிடக் கொடுமை தொலைவியக்கிக்கு நேர்வது. அதன் இரப்பர்ப் பொத்தான்களின் அடியில் சின்னஞ்சிறு கறுப்பு வட்டங்கள் இருக்கும். அவை அழுக்கல்ல! மின்சாரத்தைக் கடத்துவதற்காகவே அமைத்த கரிப் பூச்சு. பொத்தானை அழுத்தும்போது அந்த வட்டம் கீழேயுள்ள பலகையைத் தொட்டுச் சுற்றை முழுமையாக்குகிறது. ‘ஐயோ, எவ்வளவு கறுப்பு!’ என்று அதைச் சுரண்டி எடுத்தவர் அழுக்கை நீக்கவில்லை, உறுப்பையே அறுத்துவிட்டார். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பழைய கைவிளக்கில் இருக்கும் தடித்த பித்தளைத் தகட்டை மெல்லத் தேய்ப்பதால் பெருங்கேடு ஏதுமில்லை. அங்கே இழக்க முலாம் இல்லை. முலாமும் கரியும் உள்ள நுண்ணிய இடங்களைப் பற்றியே இங்குப் பேசுகிறேன்.

தெளிப்போர் கிளை

சுரண்டுவோர் கட்சியில் ஒரு கிளை உண்டு. கதவுக் கீல் கிறீச்சிட்டாலும், மிதிவண்டிச் சங்கிலி இறுகினாலும், வானொலி கரகரத்தாலும் அவர்களுக்கு ஒரே மருந்து நீலமும் மஞ்சளும் கலந்த டபிள்யூடி-40 குப்பி. 1953இல் அமெரிக்காவில் உருவான அந்நீர்மத்தின் பெயரே அதன் வேலையைச் சொல்கிறது: நீரை அகற்றுதல், நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை. அதன் வேலையில் அது கெட்டிக்கார மருந்துதான். ஆனால் அது பின்னே எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்கிறது. அந்தப் பிசுக்கில் தூசி வந்து ஒட்டும். தொடுமுனைகளைத் தூய்மைப்படுத்த வேறொரு தெளிப்பானை அதே நிறுவனம் தனியாக விற்கிறது என்றால், இதன் பொருள் என்ன? எல்லாவற்றுக்கும் ஒரே குப்பி போதாது என்று செய்தவரே ஒப்புக்கொள்கிறார் என்பதுதானே?

பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் வீடுதோறும் மிஞ்சிய கைத்தூய்மிக் களிம்பையும் சிலர் பூசுகின்றனர். அதில் ஆல்ககாலோடு களிம்பாக்கும் பொருளும் கிளிசரினும் கலந்திருக்கும். அவை உலர்ந்து படியும். வாயால் ஊதுபவரோ எச்சிலின் ஈரத்தையும் சேர்த்தே ஊதுகிறார்.

வீசுவோர் கட்சி

“ஒரு தொலைவியக்கி பதினைந்து வெள்ளி. அதற்கு இவ்வளவு பாடா?” என்பது இக்கட்சியின் முழக்கம். பதினைந்து வெள்ளி பெரிதில்லைதான். ஆனால் வீசும் பழக்கம் தொலைவியக்கியோடு நிற்பதில்லை.

2021ஆம் ஆண்டு இல்லிருப்புக் கற்றல் நடந்த காலத்தை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டோம். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைப்பேசி. என் வகுப்பு மாணவி ஒருத்தி பதினொரு நாள் வகுப்புக்கு வரவில்லை. கைப்பேசி மின்னூட்டம் ஏறவில்லையாம். கடையில் காட்டியபோது, ‘உள்ளே பலகை போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிட்டனர். அந்தத் தாய்க்குப் புதிது வாங்க வழியில்லை. கடைசியில் மாணவியின் தாத்தா பல்குத்தும் மரக்குச்சியால் மின்னூட்டத் துளையிலிருந்து ஓர் உருண்டைப் பஞ்சை வெளியே எடுத்தார். சட்டைப் பையின் நூல்தூசி! அவ்வளவுதான் பழுது. அந்தப் பதினொரு நாள் பாடத்தை எந்தக் கடை திருப்பித் தரும்?

உலகக் கணக்கையும் பாருங்கள். ஐக்கிய நாட்டு அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னியல் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. மின்னியல் கழிவை மலேசியா 2005ஆம் ஆண்டு விதிமுறைகளிலேயே அட்டவணைக் கழிவுகளுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டது. பிரான்சு நாடு 2021 முதல் சில கருவிகளுக்குப் ‘பழுது பார்க்க எவ்வளவு எளிது’ என்று மதிப்பெண் இட்டு விற்கச் சொல்கிறது. உலகம் பழுது பார்க்கும் உரிமையைப் பேசுகிறது. நாமோ மின்கலன் மூடியைத் திறந்து பார்க்கும் முன்பே குப்பைத் தொட்டியைத் திறக்கிறோம்.

மூன்றாவது வழி

குறை சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது ஆசிரியர்க்கு அழகன்று. எனவே,

1. சுவர் மின்சாரத்தில் இயங்கும் எதையும் வீட்டில் திறக்காதீர். குறிப்பாக நுண்ணலை அடுப்பின் மின்தேக்கி, செருகியைப் பிடுங்கிய பின்னும் உயிரைக் குடிக்கும். நான் சொல்வன மின்கலனில் இயங்கும் சிறு கருவிகளுக்கு மட்டுமே.

2. முதலில் மின்கலனை எடுத்து, மீண்டும் போட்டு, இருந்த இடத்திலேயே சிலமுறை உருட்டுங்கள். அந்த உரசலே மெல்லிய படலத்தை விலக்கும். பல நேரங்களில் இதுவே போதும்.

3. போதாவிடில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்ககாலை வாங்குங்கள். புண் துடைக்கும் 70 விழுக்காட்டு வகையில் மீதி பெரும்பாலும் தண்ணீர்தான். நீர்மத்தைக் கருவியில் ஊற்றாமல் பஞ்சுக்குச்சியில் தொட்டு மென்மையாகத் துடையுங்கள். முற்றிலும் உலர்ந்த பின்னரே மின்கலனைப் போடுங்கள். இது தீப்பற்றும் நீர்மம். அடுப்பருகே வேண்டா, சன்னல் திறந்திருக்கட்டும்.

4. ஆல்கலைன் மின்கலன் கசிந்து வெண்பொடி படிந்திருந்தால், அது பொட்டாசியம் ஐட்ராக்சைடு என்னும் காரமும், அது காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உருவான பொட்டாசியம் கார்பனேட்டும் ஆகும். வெறுங்கையால் தொடாதீர், கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டு வைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு ஈரப்பஞ்சால் ஒற்றி, ஆல்ககாலால் துடையுங்கள். பழைய துத்தநாக-கரி மின்கலன் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்கு வினிகர் ஆகாது. சமையல் சோடாக் கரைசலே மாற்று. மின்கலனின் மேலுறையைப் படித்துவிட்டு மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.

5. கைப்பேசியின் துளையை அணைத்த நிலையில், மரக்குச்சியாலோ நெகிழித் தூரிகையாலோ மட்டும் மெல்லக் கிளறுங்கள். ஊசியும் குண்டூசியும் கூடா.

6. நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து மின்கலனைக் கழற்றி வையுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்.

இதில் எந்த அடியாவது பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்குமா?

ஆசிரிய நண்பர்களுக்கு

இனி நம் பக்கம் வருவோம். ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் நம்மை மின்சுற்றை வெள்ளை அட்டையில் அழகாக ஒட்டிக்காட்டப் பழக்கினர். அட்டைச் சுற்றில் எல்லாம் புதிது. மின்குமிழ் எப்போதும் எரியும். வீட்டுச் சுற்றோ பழையது, எரியாமலும் போகும். எரியாதபோது எங்கே தேடுவது என்னும் பாடத்தை நாம் நடத்துவதே இல்லை. மாணவர் படத்தில் விசையைக் குறித்து மதிப்பெண் பெறுகிறார். பாட்டியின் இரத்தச் சர்க்கரைமானி இயங்காதபோது மின்கலன் மூடியைத் திறக்க அஞ்சுகிறார்.

“தேர்வில் வராதே!” என்பது நெடுநாளாய் நாம் சொல்லிவந்த சாக்கு. யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீங்கிவிட்டது; சாக்கு மட்டும் நீங்கவில்லை. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்றொரு பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆக்குவதை மட்டும் கற்பித்துக் காப்பதைக் கற்பிக்காமல் விடுவது முறையா?

“பிள்ளைகளுக்கு ஆபத்து” என்பார் சிலர். அச்சம் நியாயமானது. அதனால்தான் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆசிரியர் கண்முன் கற்க வேண்டும். 3 வோல்ட்டுத் தொலைவியக்கியை வகுப்பில் கையாளக் கற்காத பிள்ளை, நாளை தானாகவே 240 வோல்ட்டுக் கருவியைத் திருப்புளியால் குடையும். தடை விதிப்பதால் ஆர்வம் சாகாது, வழிதவறிப் போகும்.

ஆண்டுக்கு ஒரேயொரு பாடவேளை ஒதுக்குவோம். வீட்டில் ‘செத்துப்போன’ தொலைவியக்கி ஒன்றை ஒவ்வொரு மாணவரும் கொண்டு வரட்டும். கசிந்த மின்கலன் உள்ளவற்றை ஆசிரியர் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ளட்டும். மற்றவற்றுக்குப் பஞ்சுக்குச்சியும் சிறு குப்பி ஆல்ககாலும் போதும். எல்லாம் பிழைக்கா, சில உண்மையாகவே செத்திருக்கும். அதுவும் பாடந்தான். எது செத்தது, எது அழுக்கால் மூடியது என்று வேறுபடுத்தத் தெரிந்த பிள்ளையைக் கடையில் எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

விளக்கைத் துலக்கும் கைக்கு வலிமை வேண்டும். தொடுமுனையைத் துடைக்கும் கைக்கு அறிவு வேண்டும். முதலாவதைப் பாட்டிமார் கற்பித்துவிட்டனர். இரண்டாவது நம் பொறுப்பு.