என்ட்ரோபி என்றால் அலங்கோலம் அல்ல

மாணவர்களே, ஆங்கிலத்தில் 'டிஸ்ஆர்டர்' என்று ஒரு சொல் உண்டு. அதற்கு ஈடாகத் தமிழில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள் என்றால் திணறிப்போவீர்கள். மேசையில் புத்தகங்கள் இறைந்து கிடந்தால் அது அலங்கோலம். மருத்துவர் சொன்னால் கோளாறு. கூட்டத்தில் கூச்சலும் கைகலப்பும் என்றால் அமளி. அகராதியைப் புரட்டினால் ஒழுங்கின்மை. இந்த எல்லாப் பொருளிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. 'இது இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று யாரோ ஒருவர் மனத்தில் ஓர் ஒழுங்கை வைத்திருக்கிறார்; அது இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறார்.

அன்றாடப் பேச்சில் இதனால் கெடுதல் இல்லை. அறிவியலுக்குள் நுழையும்போதுதான் சிக்கல் வருகிறது. 'என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மையின் அளவு. உலகில் ஒழுங்கின்மை கூடிக்கொண்டேதான் போகும்' என்று காணொளிகளில் கேட்டிருப்பீர்கள். அறையை ஏன் கூட்டவில்லை என்று அம்மா கேட்டால், 'என்ட்ரோபிம்மா' என்று சொல்லித் தப்பிப்பவர்களும் உங்களில் இருப்பார்கள். இந்த விளக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

என்ட்ரோபி என்ற சொல்லை உருவாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ். ஆண்டு 1865. 'மாற்றம்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 'எனர்ஜி' என்பதைப்போல ஒலிக்கும்படி அதை அமைத்தார். வெப்பத்தையும் வெப்பநிலையையும் கொண்டு கணக்கிடும் ஓர் அளவு அது. அலங்கோலம் என்ற பேச்சே அதில் இல்லை. 1882-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிஞர்தான் 'ஒழுங்கின்மை' என்ற சொல்லை இதனோடு சேர்த்தார். அது நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒட்டிக்கொண்டது. 2002-இல் அமெரிக்க வேதியியல் பேராசிரியர் ஃபிராங்க் லம்பர்ட், இந்தச் சொல் விரிசல் விட்ட ஊன்றுகோல் என்று கட்டுரை எழுதினார். அதன்பின் பல பாடநூல்கள் அதைக் கைவிட்டன.

ஏன் விரிசல்? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு போத்தலில் நீரும் சமையல் எண்ணெயும் ஊற்றி நன்றாகக் குலுக்கி வையுங்கள். சிறிது நேரத்தில் எண்ணெய் மேலே, நீர் கீழே எனத் தாமாகவே பிரிந்து நிற்கும். கண்ணுக்கு ஒழுங்கு கூடிவிட்டது. ஆனால், மொத்த என்ட்ரோபியும் கூடித்தான் இருக்கிறது. எண்ணெயைச் சுற்றி நின்ற நீர் மூலக்கூறுகள் விருப்பம்போல் திரும்ப முடியாமல் கட்டுப்பட்டிருந்தன. எண்ணெய் ஒன்றுசேர்ந்ததும் அவற்றுக்கு விடுதலை. கண்ணை நம்பினால் விடை தவறிவிடும்.

கண்ணுக்குப் பதில் எண்ணிக்கையை நம்பச் சொன்னவர் போல்ட்ஸ்மன். 10 நாணயங்களைச் சுண்டினால் 1,024 விதமாக விழலாம். பத்தும் தலையாக விழ ஒரே ஒரு வழி. ஐந்து தலை, ஐந்து பூ விழ 252 வழிகள். நாணயத்துக்கு ஒழுங்கும் தெரியாது, அலங்கோலமும் தெரியாது. வழிகள் அதிகமுள்ள பக்கம் நிகழ்வு சாய்கிறது, அவ்வளவுதான். 100 நாணயங்களும் தலையாக விழும் வாய்ப்போ, 1-க்குப் பின் 30 பூஜ்யங்கள் போட்ட எண்ணில் ஒன்றைவிடக் குறைவு. மூலக்கூறுகள் பரவுவதும் இந்தக் கணக்கால்தான். ஆகவே, 'ஒழுங்கின்மை கூடும்' என்பதைவிட 'பரவல் கூடும்' என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமானது.

'தொடக்கத்தில் படிப்பவர்களுக்கு எளிய சொல் வேண்டாமா?' என்று கேட்கலாம். வேண்டும். பரவல் என்பதும் எளிய சொல்தான். மேலும், தவறான சொல் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும். சுங்கை பினாங்கையே எடுத்துக்கொள்வோம்.

பினாங்குக் கொடிமலைப் பக்கத்திலிருந்து இறங்கும் ஓடைகள் ஆயர் ஈத்தாம், ஆயர் தெர்ஜுன் போன்ற கிளையாறுகளாகி, சுங்கை பினாங்காகச் சேர்ந்து ஜார்ஜ்டவுன் வழியே கடலில் கலக்கின்றன. பாலத்தில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது மிதக்கும் போத்தலும் பிளாஸ்டிக் பையும். 'அலங்கோலம்' என்கிறோம். ஆனால், நம் நாட்டு நீர்த்தரக் குறியீடு அலங்கோலத்தை அளப்பதில்லை. அது அளப்பவை ஆறு: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதியியல் ஆக்சிஜன் தேவை, வேதியியல் ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் நுண்திடப்பொருள், அமில காரத்தன்மை. இவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்கே தெரியாதவை. மிதக்கும் போத்தலை வலைபோட்டு அள்ளிவிடலாம். நீரில் கரைந்து பரவிய அம்மோனியாவை எந்த வலை பிடிக்கும்?

பரவியதைத் திரும்பச் சேர்க்க என்ன விலை என்று ஒரு கணக்கு. ஒரு தேக்கரண்டி உப்பை ஒரு லிட்டர் நீரில் போட்டால் அது செலவில்லாமல் கரையும். அந்த உப்பை மீட்க நீரைக் கொதிக்க வைத்து வற்றச் செய்தால், 30 பாகை செல்சியஸ் நீருக்கு ஏறக்குறைய 25 லட்சம் ஜூல் ஆற்றல் வேண்டும். 2,000 வாட் மின்கெண்டி 21 நிமிடம் இடைவிடாமல் ஓட வேண்டும். இதைவிடச் சிக்கனமான முறைகள் உண்டு. இலவசமான முறை மட்டும் இல்லை.

'ஒழுங்கின்மை கூடுவது இயற்கை விதி, ஆற்றைச் சுத்தம் செய்து என்ன பயன்?' என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். வெளியிலிருந்து எதுவும் வராத, வெளியே எதுவும் போகாத மூடிய அமைப்புக்குத்தான் அந்த விதி. ஆறு அப்படிப்பட்டதல்ல. ஆற்றல் செலவிட்டால் அதைச் சீராக்கலாம். சிங்கப்பூர் ஆறு 1977-இல் தொடங்கி பத்தாண்டுகளில் மீட்கப்பட்டது. அங்கே குப்பையை அள்ளியதோடு நிற்கவில்லை; பன்றிப் பண்ணைகள், சாலையோர உணவுக்கடைகள் என்று கழிவு வந்த இடங்களையே மாற்றினார்கள். அதுதான் என்ட்ரோபி சொல்லும் பாடமும்கூட. பரவுவதற்கு முன் தடுப்பது மலிவு. பரவிய பின் சேர்ப்பது பெருஞ்செலவு.

இனி என்ட்ரோபி என்ற சொல்லைக் கேட்டால், 'எது பரவுகிறது, எத்தனை வழிகளில்?' என்று கேளுங்கள். வீட்டில் மிஞ்சிய குழம்பையும் பொரித்த எண்ணெயையும் சாக்கடையில் கொட்டப் போகிறவரைக் கண்டால், இந்தக் கேள்வியையே அவரிடமும் கேளுங்கள். அது இன்னும் பாத்திரத்தில் இருக்கும்வரை, அதைப் பிரிக்க ஒரு வடிகட்டியும் குப்பைத் தொட்டியும் போதும்.