1621இல் பிறக்காத பண்டிகை

நவம்பர் நான்காம் வியாழன் நெருங்கினால், அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காகிதத் தொப்பியும் இறகும் சூட்டி நாடகம் போடுவது நெடுநாள் வழக்கம். பட்டினி கிடந்த ஆங்கிலேயக் குடியேறிகளுக்குப் பழங்குடியினர் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார்களாம். நன்றி மறவாத குடியேறிகள் 1621இல் அவர்களை விருந்துக்கு அழைத்தார்களாம். அதுதான் முதல் தேங்க்ஸ்கிவிங்காம்!

அந்த விருந்துக்கு நேர்சாட்சி, குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தின் சில வரிகள்தான். அறுவடை முடிந்தது, நான்கு பேர் பறவை வேட்டைக்குப் போனார்கள், துப்பாக்கி சுட்டுப் பழகினார்கள்; வாம்பனோவாக் பழங்குடித் தலைவர் மாசசோயிட் 90 பேரோடு வந்து மூன்று நாள் இருந்தார், அவருடைய ஆட்கள் ஐந்து மான்களை அடித்துவந்து கொடுத்தார்கள். அழைத்ததாக ஒரு சொல் கிடையாது. ஆண்டுதோறும் கொண்டாடுவோம் என்ற பேச்சும் கிடையாது. குடியேறிகளில் உயிரோடு மிஞ்சியவர்கள் சுமார் 50 பேர். வந்தவர்களோ கிட்டத்தட்ட இரு மடங்கு, மானும் அவர்கள் கொண்டுவந்தது. யார் யாருக்கு விருந்து வைத்தார்கள்?

சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டத்தை 1614இல் பிடித்துப்போய் ஸ்பெயினில் விற்றவன் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல்காரன். தப்பிப் பிழைத்து 1619இல் அவர் திரும்பி வந்தபோது சொந்த ஊரான பட்டுக்செட்டில் ஒருவரும் இல்லை. கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிருந்தது. குடியேறிகளின் பிளிமத் எழும்பியது அந்த ஊர் இருந்த இடத்தில். நாடகத்தில் இந்தக் காட்சி வராது.

அலெக்சாண்டர் யங் என்பவர் 1841இல் வின்ஸ்லோவின் கடிதத்தைப் பதிப்பித்தபோது, இதுவே முதல் தேங்க்ஸ்கிவிங் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டார். அடிக்குறிப்பு வரலாறாகிவிட்டது. தேசியப் பண்டிகைக்கு உண்மையில் பாடுபட்டவர் சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை. ஆளுநர்களுக்கும் அதிபர்களுக்கும் சளைக்காமல் கடிதம் எழுதினார். உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 அக்டோபரில், லிங்கன் இசைந்தார். அவருடைய அறிவிப்பில் விதவைகளும் அநாதைகளும் உண்டு. பிளிமத்தும் இல்லை, மாசசோயிட்டும் இல்லை.

நட்பின் சின்னமாகவாவது இருந்துவிட்டுப் போகட்டுமே என்பார்கள். மாசசோயிட்டின் மகன் மெட்டாகொம் 1676இல் ஆங்கிலேயரோடு போரிட்டுக் கொல்லப்பட்டார். அவர் தலை பிளிமத்துக்கு வந்து சேர்ந்த அன்று அங்கே நன்றி வழிபாடு. கம்பத்தில் செருகிய தலை ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது. 1970இல், குடியேறிகள் வந்திறங்கிய 350ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்ட வாம்பனோவாக் இனத்தவர் பிராங்க் ஜேம்ஸ் இப்படிப்பட்ட சங்கதிகளைத்தான் எழுதிக்கொண்டு வந்தார். உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்த விழாக்காரர்கள் படிக்க விடவில்லை. அவர் பிளிமத்தில் ஒரு குன்றில் ஏறிப் பேசினார். அன்றுமுதல் தேங்க்ஸ்கிவிங் நாளில் அங்கே துக்கநாள் கடைப்பிடிக்கிறார்கள்.