தொட்டி மரங்களும் ஏரிக்கரைக் கிராமங்களும்

எளாவூர்ச் சோதனைச்சாவடியை வடக்கிலிருந்து கடந்து சென்னைக்குச் செல்லும் லாரிகளுள் செடி ஏற்றியவற்றை அடிக்கடி காணலாம். அவை பெரும்பாலும் கோதாவரிக்கரையில் ராஜமந்திரிக்கு அடுத்த கடியம் நாற்றங்கால்களிலிருந்து வருபவை. அவற்றில் வரும் குட்டை மரங்களைச் சில நூறு ரூபாய் முதல் பல்லாயிரம் ரூபாய் வரை கொடுத்து வாங்கி, வீட்டு முற்றத்திலும் அலுவலக வாயிலிலும் வைக்கும் வழக்கம் நமது ஏரிக்கரைக் கிராமங்களிலும் பரவி வருகிறது. அழகுக்கு ஒரு மரம் வைப்பதில் தவறில்லை. எதை வைப்பது, எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நமக்கும் பலருக்கும் அபிப்பிராய பேதம்.

முதலில் ஜலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பழவேற்காடு ஏரியை ஒட்டிய கிணறுகள் பலவற்றில் கோடையில் ஜலம் உவர்ப்படைவதை யாவரும் அறிவர். வயலில் பெருமழை அவ்வுப்பைக் கழுவிக் கொண்டுபோகும். தொட்டிக்கு அந்தச் சௌகரியமில்லை. உதாரணமாக, லிட்டருக்கு 2 கிராம் உப்புள்ள ஜலத்தைத் தினம் அரை லிட்டர் வீதம் 100 நாள் ஊற்றினால், தொட்டிக்குள் சென்ற உப்பு 100 கிராம் ஆகிறது. ஜலம் இலைவழியாயும் மண்வழியாயும் ஆவியாகிறது. அடித்துவாரத்தால் வடிந்தது போக மிஞ்சிய உப்பெல்லாம் வேரிலேயே தங்குகிறது. தொட்டியின் விளிம்பில் வெண்மை பூத்து இலைநுனி கருகினால், வியாதியென்று மருந்து தெளிக்க ஓடவேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் சேர்த்துவைத்துக் கோடையில் அதையே வார்ப்பது உத்தமம். அது போதாதபோது, துவாரத்தின் வழியே தாராளமாய் வடியும்படி ஒரேதடவையாக ஊற்றவேண்டுமேயன்றி, நாள்தோறும் கையளவு தெளிப்பது கெடுதி. ஏரிக்கரை மணலை அப்படியே தொட்டிக்கு இடுவதும் கூடாது. ஒரு மழைக்காலம் முழுவதும் வெளியில் குவித்து நனையவிட்ட பிறகே செம்மண்ணுடனும் மட்கிய எருவுடனும் கலக்கலாம்.

இக்காரணத்தால், மரத்தைத் தெரிந்தெடுக்கும்போது உவரும் காற்றும் தாங்குபவற்றுக்கே முதலிடம் தரவேண்டும். தொட்டிக்கு இச்சி, பிராய், புளி, கொடுக்காப்புளி ஆகியவை தகுந்தவை. சிற்றிலையுடைய மரமே குறுகிய உருவத்தில் மரமாகத் தோன்றும். பூவரசின் அகன்ற இலை தொட்டியில் பொருந்தாது. ஆனால் சிறு தோட்டத்தில் தரையில் நட பூவரசையும் புன்னையையும் விடக் கடற்கரைக்கு ஏற்றவை சிலவே. பூவரசு போத்து வைத்தாலே பிழைக்கும். புன்னை மெதுவாய் வளர்ந்தாலும் நிழலும் மணமும் தரும். வேலிக்குச் சங்கங்குப்பி போதும். உப்புமண்ணில் தழைக்கும், ஆடுமாடுகள் அதை அதிகம் நாடுவதில்லை, கத்தரிக்கு நன்றாய் அடங்கும். அதை யானையாகவும் மயிலாகவும் வெட்டி வைப்பவர்கள் உண்டு. எமக்கு அதில் ருசியில்லை.

இவற்றையெல்லாம் விட்டுக் கோனோகார்ப்பஸை நடுவது ஏனென்று விளங்கவில்லை. விரைவில் பசுமையாய் நிற்கிறது என்பதொன்றே அதன் சிறப்பு. குஜராத் அரசாங்கம் 2023-இலும் தமிழ்நாடு அரசாங்கம் 2025-இலும் அதை நடுவதைத் தடுத்துவிட்டன. பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் முதலிய இடங்களில் இனி அது நடப்படாமற் பார்ப்பது கிராம உத்தியோகஸ்தர்களின் கடமை.

இனி, நாம் முக்கியமாய்ச் சொல்லவந்த விஷயம். கடைச்சரக்கில் திருப்தியடையாத சிலர், ஆடு கடித்தும் காற்றடித்தும் தாமாகவே குறுகிப்போன முதிய பிராய், பாலை மரங்களை ஏரிக்கரையிலும் கோயிற்காடுகளிலும் தோண்டியெடுக்க ஆட்களை ஏவுகிறார்கள். ஐம்பது வருஷம் வளர்ந்த அடிமரம் ஒரு நாட்கூலிக்குக் கிடைக்கிறதென்பது அவர்கள் கணக்கு. ஆணிவேர் அறுந்த முதிய மரங்களில் பல, தொட்டியில் ஒரு கோடையையும் தாண்டுவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. தோண்டிய குழியில் மண் காற்றுக்குப் பறக்கிறது. மணற்பாங்கான கரையில் அவ்விடத்தில் இன்னொரு மரம் எழுவது எளிதன்று. ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது 1972-ஆம் வருஷத்து வனஜீவன் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும். இக்கலையில் பேர்பெற்ற ஜப்பானியர்களும் ஒருகாலத்தில் மலைமரங்களைத் தோண்டியவர்களே. இன்று அங்கு பெரும்பாலும் விதை, போத்து, பதியன் இவற்றிலிருந்தே போன்சாய் மரங்களை உண்டாக்குகிறார்கள்.

முதிய தோற்றம் வேண்டுவோர்க்கு வேறு வழியுண்டு. பறவைகள் இட்ட விதையால் கிணற்றுச் சுவரிலும் கோயில் மதிலிலும் பழைய வீட்டின் கைப்பிடிச் சுவரிலும் ஆலும் அரசும் இச்சியும் முளைத்து நிற்கின்றன. மண்ணில்லாத இடுக்கில் பல வருஷம் நின்றபடியால் அவற்றின் அடி பருத்தும் உயரம் குறைந்தும் இருக்கும். அவற்றை விட்டுவைத்தால் சுவர் பிளக்கும். ஆகையால் கட்டிடத்துக்கு உடையவரின் சம்மதம் பெற்று, ஆடி மாதத்தில் வேரோடு கழற்றியெடுத்து, இலைகளைக் களைந்து நிழலில் வைத்தால் பெரும்பாலும் துளிர்க்கும். மதிலும் பிழைக்கும், மரமும் கிடைக்கும். பழைய சின்னங்களில் மாத்திரம், சம்பந்தப்பட்ட இலாகாவின் ஆட்களே இதைச் செய்யவேண்டும்.

உருவம் அமைப்பதில் அவசரம் கூடாது. கிளையைத் தாழ்த்தச் செப்புக்கம்பியோ அலுமினியக் கம்பியோ சுற்றுவார்கள். இச்சி முதலியவை இங்குள்ள வெயிலில் வேகமாய்ப் பருப்பதால், சில வாரங்களிலேயே கம்பி பட்டையில் பதிந்து ஆறாத வடுவை உண்டாக்கும். பழக்கமில்லாதவர்கள் தென்னங்கயிற்றால் கிளையைத் தொட்டியின் விளிம்போடு இழுத்துக் கட்டுவதே நலம். இரண்டு வருஷத்துக்கொருமுறை மரத்தை வெளியே எடுத்து, வேரில் மூன்றிலொரு பங்கு நறுக்கி, புதுமண் இட்டு நடவேண்டும். சிறுதொட்டியில் இருப்பதாலேயே மரம் குட்டையாகிறது என்றெண்ணி, எருவும் ஜலமும் மறுத்துப் பட்டினி போடுவோர் உண்டு. மரத்தைக் குறுக்குவது கத்தரியேயன்றிப் பட்டினியன்று. 1625 முதல் தொட்டியில் வளர்க்கப்படுவதாகச் சொல்லப்படும் ஒரு வெண்பைன் மரம், 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்கும் தப்பி, 1976-இல் அமெரிக்காவுக்கு அளிக்கப்பட்டு இன்று வாஷிங்டனில் உள்ளது. பல தலைமுறையினர் தவறாது ஜலம் வார்த்ததாலேயே அது இருக்கிறது.

தரையில் நட்ட மரங்களுக்கும் உருவமமைத்தல் அவசியம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி அடித்த வர்தா புயலில் சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தது நினைவிருக்கும். இளமையிலேயே ஒற்றை அடிமரமாய் வளர்த்து, கவைபிரியும் இடத்தில் ஒன்றை நீக்கி, புரட்டாசிக்குள் அடர்ந்த கிளைகளைக் களைந்துவிட்டால் காற்று ஊடே செல்லும். மின்கம்பியின் கீழ் நிற்கும் மரத்தை மின்வாரிய ஆட்கள் வந்து ஒருபக்கமாய் வெட்டும்வரை காத்திருப்பவர்கள், பிறகு மரம் கோணிற்று என்று வருந்துவதில் பயனில்லை.

ஆடி பிறக்கும் முன் ஊரிலுள்ள கிணறுகளையும் மதில்களையும் ஒருமுறை சுற்றிப்பார்த்து, எங்கெங்கே என்ன முளைத்திருக்கிறதென்று கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் குறித்துவைப்பது நலம். பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய தொட்டி மரங்களை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.