ஆறாம் வகுப்பிலேயே முடிவாகும் டாக்டர் சீட்

நீட் முடிவு வந்ததும் தாராபுரத்துப் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: எந்தக் காலேஜில் ஃபீஸைக் குறைப்பார்கள்? கேள்வியில் பிழையில்லை, கேட்கும் காலம்தான் பிந்திவிட்டது. தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்கக் கிடைக்கும் உதவியில் பெரும்பகுதி கல்லூரியைப் பொறுத்ததல்ல. எந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. அவற்றில் மிகப் பெரிய உதவி, பிள்ளை ஆறாம் வகுப்பு எங்கே படித்தது என்று பார்க்கிறது.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. முதல் கலந்தாய்விலேயே சிக்கல். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சிலர் கட்டணத்துக்கு அஞ்சி வேண்டாமென்று திரும்பினார்கள். அப்போது அரசுக் கல்லூரியில் ஆண்டுக்கு 13,610 ரூபாய்; தனியாரிலோ அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே ஏறக்குறைய 4 லட்சம். அதன் பிறகுதான் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது.

கொங்கு நாட்டின் வேடிக்கை இங்கேதான். பிள்ளை டாக்டராக வேண்டும் என்பதற்காகவே, நகையை அடகு வைத்தாவது நாமக்கல், ராசிபுரம் பக்கம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்க்கிறோம். அங்கே கட்டுகிற பணமே இந்தச் சலுகையைப் பறித்துவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் ஒன்னுக்கு மட்டும் தனியாருக்குப் போனாலும் தகுதி போயிற்று. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்புவரை தனியாரில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அரசுப் பள்ளியில் படித்தால் நீட் தேறுமா என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஒதுக்கீட்டில் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான் என்பதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் மாதாமாதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும்தான் அது என்று நினைக்கிறோம். சென்னை கே.கே. நகர் உள்ளிட்ட இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் காப்பீடு பெற்ற தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கெனத் தனி இடங்கள் உண்டு. இ.எஸ்.ஐ. கழகத்திடம் அதற்கான சான்று பெற்று அகில இந்தியக் கலந்தாய்வில் கேட்க வேண்டும்.

தாராபுரம் தனித்தொகுதி, இங்கே பலருக்கும் தெரிந்திருக்க வேண்டியது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதியினருக்கு உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குச் செல்லாது. இதைச் சொல்லாமலே கையெழுத்து வாங்கும் இடைத்தரகர்களிடம் உஷாராக இருங்கள்.

கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் ஏழைப் பிள்ளைகள் வந்துவிடுவதில்லை. நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 2018இல் எல்லோருக்கும் கட்டணத்தை ரத்து செய்தது. விண்ணப்பங்கள் குவிந்தன, வறிய வீட்டுப் பிள்ளைகளின் பங்கு பெருகவில்லை. யாருக்கு இடம் என்பதையும் யார் பணம் கட்டுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்ததில் நம் சட்டம் அதைவிடக் கெட்டி.

அதில் ஒரு குறை இருக்கிறது. அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களும் இலவசப் புத்தகத்தில் படிக்கிறார்கள்; அவர்களின் ஆசிரியர்களுக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது. ஆனால் 7.5இல் அவர்களுக்கு இடமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பங்கைக் குறைக்காமல் அவர்களையும் சேர்க்க விழுக்காட்டை உயர்த்தியாக வேண்டும். இந்த ஒதுக்கீட்டை ஆராய்ந்த நீதிபதி கலையரசன் ஆணையம் அன்று பரிந்துரைத்தது 10 விழுக்காடு. பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.