அமாவாசைக்கு முடிகிறது, அன்றாடத்துக்கு?

மேல்மலையனூர் அங்காளம்மனின் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்குச் சிறப்புப் பேருந்து, பந்தோபஸ்து, குடிநீர், மருத்துவ முகாம் என எல்லாத் துறைகளும் கைகோத்து நிற்கின்றன. அதே வட்டத்தில் பக்கவாதத்தில் படுத்துவிட்ட முதியவரின் வீட்டுக்கு அந்த ஒருங்கிணைப்பு வருவதில்லை. திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு. 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகைக்கு வருவாய்த்துறையை நாட வேண்டும். சக்கர நாற்காலி மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பொறுப்பு. அதன் மாவட்ட அலுவலகம் இருப்பது விழுப்புரத்தில். ஆதார், குடும்ப அட்டை, மருத்துவச் சான்று நகல்களை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு, அன்றைய கூலியையும் விட்டுவிட்டு, செஞ்சி வழியாகப் பஸ் ஏறுகிறவர் பெரும்பாலும் அந்த வீட்டு மகளோ மருமகளோதான். துறைகளை ஒருங்கிணைக்கும் வேலை சம்பளமில்லாமல் அவர் தலையில் விழுந்திருக்கிறது. ஜப்பான் 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, யாருக்கு எந்தச் சேவை, எப்போது என்று திட்டமிட்டுத் தர ஒரு பராமரிப்பு மேலாளரையும் சேர்த்தே கொடுத்தது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு அந்தத் திசையில் வைத்த நல்ல அடி. முதியோரையும் அதில் சேர்த்து, ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் சொல்ல ஒரே ஒரு பொறுப்பாளரை அரசு நியமிக்கட்டும். மாதம் ஒரு இரவுக்கு முடிகிற ஒருங்கிணைப்பு மற்ற நாட்களுக்கும் முடியும்.