பிரவுசரை நீங்களே தேர்ந்தெடுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், அதில் ஏற்கனவே உள்ள பிரவுசர்தான் இன்டர்நெட் என எண்ணிக் கொள்கின்றனர். 2004ல் கொடும்பாளூரில் எங்கள் வீட்டிற்கு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர் வந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். நீல நிற 'இ' ஐகானைக் கிளிக் செய்தால் இன்டர்நெட். வேறொன்றைத் தேடத் தோன்றவில்லை.

டெலிபோன் பில் வந்தபோதுதான் விழித்தேன். வால்பேப்பர் தேடிய ஒரு தளத்தில் சின்னக் கட்டம் எழுந்து அனுமதி கேட்டது, 'யெஸ்' அழுத்திவிட்டேன். டயலர் எனப்படும் புரோகிராம் உள்ளே அமர்ந்து, இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மோடம் வழியே வெளிநாட்டு எண்களை அழைத்திருக்கிறது. சிங்கப்பூரில் இருந்த தம்பியிடம் பேச வாங்கிய ஐ.எஸ்.டி. வசதி அதற்குத் தோதாகப் போயிற்று. அந்த பில்லை வீட்டில் காட்டவே பயந்தேன்.

இதற்கு வழிவிட்டது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் இருந்த ஆக்டிவ்-எக்ஸ். தளத்திலிருந்து வரும் புரோகிராமை இது நேரடியாக விண்டோஸில் இயங்கவிடும். 2004 நவம்பர் 9ல் வெளியான பயர்பாக்ஸ் 1.0 ஆக்டிவ்-எக்ஸை ஏற்கவில்லை. 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் சிடியில் தமிழ் பயர்பாக்ஸும் இருந்தது. சிடி கைக்கு வந்த அன்றே மாறினேன்.

குறை இல்லாமல் இல்லை. இருபுறமும் சீராக்கிய பத்திகளில் தமிழ் எழுத்துகளின் கொம்பும் காலும் தனித்தனியே சிதறித் தெரியும். 2008ல் வந்த பயர்பாக்ஸ் 3ல்தான் இது சரியானது. பழைய பில்லை நினைத்துப் பொறுத்துக் கொண்டேன்.

2010 ஜனவரியில், கூகுள் உள்ளிட்ட நிறுவனங்களைத் தாக்கியவர்கள் எக்ஸ்புளோரரின் பிழையைப் பயன்படுத்தியது தெரிந்ததும், ஜெர்மனி அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பே வேறு பிரவுசருக்கு மாறும்படி மக்களுக்குச் சொன்னது. 2022 ஜூன் 15ல் விண்டோஸ் 10ல் எக்ஸ்புளோரருக்கான ஆதரவு முடிந்தது.

இப்போது விண்டோஸுடன் வரும் எட்ஜ் அத்தனை மோசமில்லை. குரோமின் அடிப்படையான குரோமியத்தில்தான் அதுவும் இயங்குகிறது. ஆனாலும் என் ஓட்டு பயர்பாக்ஸுக்கே. காரணம், யுபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பான். பழைய 'யெஸ்' கட்டத்தின் வேலையை இன்று விளம்பரமாக வரும் போலி 'டவுண்லோட்' பட்டன்கள் செய்கின்றன. குரோமில் முழு யுபிளாக்கை 2024 முதல் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். சுருக்கமான லைட் பதிப்புதான் கிடைக்கிறது. பயர்பாக்ஸில் முழுமையாக இயங்குகிறது.

பக்கத்து வீட்டு அண்ணன் விராலிமலையில் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அதில் குரோம் 109க்கு மேல் ஏறாது. பயர்பாக்ஸ் 115 ஈ.எஸ்.ஆர். பதிப்பு 2023க்குப் பிறகும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தந்தது என்பதால் அதையே பதிந்து கொடுத்தேன். விண்டோஸ் 7க்கே 2020 ஜனவரியில் ஆதரவு முடிந்துவிட்டதால், "பேங்க் வேலை மட்டும் இதில் வேண்டாம் அண்ணே" என்றும் சொல்லி வைத்தேன்.

பயர்பாக்ஸை டவுண்லோட் செய்திட மொசில்லாவின் தள முகவரியை நீங்களே டைப் செய்திடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர லிங்க்கைத் தொட வேண்டாம்.